தாய்லாந்து இறால் நூடுல்ஸ் வீட்டில் செய்தால் ஏன் களியாகிறது?

மாலைப்பசி (இழையைத் தொடங்கியவர்)
ஞாயிறு, இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கம். மூன்றாவது தடவையும் சொதப்பிவிட்டது, அதனால்தான் இங்கே வந்து கேட்கிறேன்.

பாங்காக் போயிருந்தபோது தெருவோர வண்டி ஒன்றில் இறால் போட்ட பட் தாய் நூடுல்ஸ் சாப்பிட்டேன். ஒவ்வொரு இழையும் தனித்தனியாக இருந்தது. கடித்தால் லேசாக இழுபடும், ஆனால் ஒட்டாது. இறாலில் பல் பட்டதும் 'நறுக்'கென்று ஒரு சத்தம். அந்த அம்மா ஒரு தட்டைப் போட்டு முடிக்க மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. 'இவ்வளவுதானே, வேலை முடிந்து வந்து வீட்டிலேயே செய்யலாம்' என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

நான் செய்தது இதுதான். தட்டையான அரிசி நூடுல்ஸைக் கொதிக்கும் தண்ணீரில் ஆறு நிமிடம் வேகவைத்து வடித்தேன். வாணலியில் எண்ணெய், பூண்டு, அரைக்கிலோ இறால், டோஃபு, முளைப்பயறு. அதன்மேல் நூடுல்ஸ், அதன்மேல் சாஸ். இரண்டு நிமிடத்தில் அடியில் தண்ணீர் தேங்கிவிட்டது. அது வற்றட்டும் என்று கிளறக் கிளற நூடுல்ஸ் உடைந்து, கடைசியில் கரண்டியால் அள்ளிச் சாப்பிடும் பதத்துக்கு வந்துவிட்டது. இறால் ரப்பர் மாதிரி. சுவை மோசமில்லை, பதம்தான் வரவே இல்லை.

நூடுல்ஸை வேகவைக்க வேண்டுமா, வேண்டாமா? இறாலை எப்போது போடுவது? வேலை முடிந்து வந்து அரை மணி நேரத்தில் இது முடியுமா?

---

இரும்புச்சட்டி
ஞாயிறு, இரவு 9.42

முடியும். அரை மணி நேரம் தாராளம்.

உங்கள் முதல் தவறு கொதிக்கும் தண்ணீர். அரிசி நூடுல்ஸ் பச்சை மாவு இல்லை. அரிசி மாவைக் கரைத்து, மெல்லிய ஏடாக ஊற்றி, ஆவியில் வேகவைத்து, நறுக்கிக் காயவைத்ததுதான் அது. ஏற்கெனவே ஒரு முறை வெந்த பொருள். அதற்கு இழந்த தண்ணீர் திரும்பக் கிடைத்தால் போதும். நீங்கள் ஆறு நிமிடம் வேகவைத்து, பிறகு வாணலியில் சாஸோடு இன்னொரு முறை வேகவைத்தால் அது எப்படித் தாங்கும்? கோதுமை நூடுல்ஸில் பசைப்புரதம் இருக்கிறது, அது இழையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அரிசியில் அந்தப் பிடிமானம் இல்லை. மாவுச்சத்து அளவுக்கு மீறி நீர் குடித்தால் கரைய ஆரம்பித்துவிடும்.

சாதாரணக் குழாய்த் தண்ணீரில் ஊறவையுங்கள். மூன்று மில்லிமீட்டர் அகல நூடுல்ஸுக்கு நாற்பது நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். ஓர் இழையை எடுத்து விரலில் சுற்றிப் பாருங்கள். உடையாமல் சுற்ற வேண்டும். கடித்துப் பார்த்தால் நடுவில் இன்னும் கொஞ்சம் கடினமாக, சாப்பிட முடியாத மாதிரி இருக்க வேண்டும். நிறம் வெள்ளையாகவே இருக்கும். 'இது வேகவில்லையே' என்று உங்களுக்குத் தோன்றும் கட்டம்தான் சரியான கட்டம். மீதி வேக்காடு வாணலியில், சாஸைக் குடித்து நடக்கும். அப்போது வெள்ளை போய்க் கண்ணாடி மாதிரி ஆகும். சுவை உள்ளே இறங்குவதும் அப்போதுதான். வெந்த நூடுல்ஸ் சாஸைக் குடிக்காது, மேலே பூசிக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான்.

---

கறிவேப்பிலை
ஞாயிறு, இரவு 10.05

இரும்புச்சட்டி அண்ணா சொல்வது சரி. ஆனால் எட்டு மணிக்கு வீட்டுக்கு வருகிறவர் ஒரு மணி நேரம் ஊறவைக்க எங்கே போவார்? நான் வெந்நீரில்தான் போடுகிறேன். கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்து, ஐந்து நிமிடம் சூடு ஆறவிட்டு, அதன்பிறகு நூடுல்ஸைப் போட்டு எட்டு நிமிடம். உடனே வடித்துக் குளிர்ந்த தண்ணீரில் அலசிவிடுவேன். நன்றாகவே வருகிறது.

---

இரும்புச்சட்டி
ஞாயிறு, இரவு 10.20

வரும், மறுக்கவில்லை. ஆனால் வெந்நீரில் பக்கத்தில் நின்று காவல் காக்க வேண்டும். ஒரு போன் வந்தால் போச்சு. இழையின் வெளிப்பக்கம் குழைந்து, உள்ளே கடினமாக இருக்கும். குளிர்ந்த நீரில் வெளியும் உள்ளும் ஒரே சீராக ஊறும், பத்து நிமிடம் கூடினாலும் ஒன்றும் ஆகாது.

நேரத்துக்கு ஒரு வழி இருக்கிறது. காலையில் கிளம்புவதற்கு முன் ஊறப்போட்டு, வடித்து, ஒரு டப்பாவில் மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மாலை எடுத்தால் அப்படியே வாணலிக்குப் போகலாம். மறுநாள்கூடத் தாங்கும். தெருவில் நீங்கள் பார்த்த அந்த அம்மாவும் நூடுல்ஸை முன்கூட்டியே ஊறவைத்துத்தான் வைத்திருப்பார். மூன்று நிமிடம் என்று நீங்கள் எண்ணியது கடைசி மூன்று நிமிடம்.

---

கடலோரம்
திங்கள், காலை 6.50

இறாலைப் பற்றி நான் சொல்கிறேன். இறால் வியாபாரம் பார்க்கும் குடும்பம், சின்ன வயதிலிருந்து கையில் புழங்கிய பொருள்.

இறாலுக்கு உள்ளே வெப்பம் 60 டிகிரியைத் தொடும்போதே அது வெந்துவிடுகிறது. சாம்பல் நிறம் போய்ச் சிவப்பு தெரிகிறதே, அது புதிதாக வந்த நிறம் இல்லை. அஸ்டாசாந்தின் என்ற நிறமி முதலிலிருந்தே அங்கே இருக்கிறது. ஒரு புரதம் அதைப் பிடித்து மறைத்து வைத்திருக்கும். சூடு பட்டதும் அந்தப் புரதம் சிதைகிறது, நிறமி வெளியே வருகிறது. வடிவத்தையும் பாருங்கள். வளைந்து அரைவட்டமாக இருந்தால் பதம். தலையும் வாலும் தொட்டு முழுவட்டமாகச் சுருண்டால் தாண்டிவிட்டது. நடுத்தர இறால் அங்கே போய்ச் சேர இரண்டு நிமிடம் போதும். நீங்கள் டோஃபு, பயறு, நூடுல்ஸ் எல்லாவற்றோடும் பத்து நிமிடம் கிளறியிருக்கிறீர்கள்.

அதனால் இறாலை முதலில் தனியாக வதக்கி எடுத்துவிடுங்கள். கடைசி அரை நிமிடத்தில் திரும்பப் போட்டால் போதும்.

அதைவிட முக்கியம் ஈரம். தோல் உரித்து, முதுகைக் கீறிக் கறுப்பு நரம்பை எடுத்து, கழுவி, அப்படியே வாணலியில் போடுகிறோம் இல்லையா, அங்கேதான் தண்ணீர் வருகிறது. உறைந்த இறால் என்றால் இன்னும் அதிகம். பல பொட்டலங்களில் இறாலைப் பாஸ்பேட் கலந்த தண்ணீரில் ஊறவைத்து உறையவைப்பார்கள், எடை குறையாமல் இருக்க. பொட்டலத்தின் பின்னால் சோடியம் ட்ரைபாலிபாஸ்பேட் என்று போட்டிருக்கும். சட்டி சூடானதும் அந்தத் தண்ணீர் எல்லாம் வெளியே வரும். வெறும் இறால், உப்பு என்று மட்டும் எழுதிய பொட்டலமாகத் தேடி வாங்குங்கள். முந்தின இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி உறைவு நீங்கவிடுங்கள். பிறகு ஒரு பருத்தித் துணியில் பரப்பி, மேலே இன்னொரு மடிப்பு போட்டு, உள்ளங்கையால் அழுத்தி ஒற்றுங்கள். துணி நனைவதைப் பார்த்தால் நீங்களே ஆச்சரியப்படுவீர்கள். அந்தத் துணியை உடனே துவைக்கப் போட்டுவிடுங்கள். தொட்டால் விரல் வழுக்காமல் லேசாக ஒட்ட வேண்டும், அதுவரை ஒற்றுங்கள்.

'நறுக்'கென்ற சத்தம் வேண்டும் என்றீர்களே, கால் கிலோ இறாலுக்குக் கால் தேக்கரண்டி உப்பு, அதில் பாதி சமையல் சோடா போட்டுப் பிசறி, கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். காரத்தன்மை கூடும்போது தசை ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும், கடித்தால் விறைப்பாக இருக்கும். அளவு கூடினால் சோப்பு வாடை அடிக்கும், கவனம்.

சட்டியில் ஒரே அடுக்காகப் பரப்பி, ஒரு நிமிடம் தொடவே தொடாதீர்கள். 'சொய்ங்' என்ற சத்தம் அடங்காமல் இருக்க வேண்டும். சத்தம் மங்கி 'களக் களக்' என்று கேட்டால் இறால் வதங்கவில்லை, தன் தண்ணீரிலேயே அவிகிறது என்று அர்த்தம்.

---

சுவையரசி
திங்கள், காலை 11.15

நான் பார்த்த ஒரு செய்முறையில் தக்காளி கெட்சப் நான்கு கரண்டி, சோயா சாஸ், சர்க்கரை என்று இருந்தது. செய்தேன், பிள்ளைகளுக்குப் பிடித்தது. ஆனால் தாய் உணவகத்தில் சாப்பிட்ட சுவை வரவில்லை. எதை மாற்றலாம்?

---

புளியங்கொம்பு
திங்கள், மதியம் 1.30

கெட்சப்பை மாற்றுங்கள். அது தாய்லாந்துக்கு வெளியே, புளி கிடைக்காத ஊர்களில் வழக்கமான மாற்று. நிறமும் இனிப்பும் வரும், புளிப்பின் ஆழம் வராது. பட் தாய் சாஸ் மூன்றே பொருள்: புளி, பனைவெல்லம், ஃபிஷ் சாஸ். புளிப்பு, இனிப்பு, உப்பு. இந்த மூன்றும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து நிற்க வேண்டும்.

இரண்டு பேருக்கு, அதாவது 120 கிராம் காய்ந்த நூடுல்ஸுக்கு என் அளவு: கெட்டியான புளிக்கரைசல் நான்கு மேசைக்கரண்டி, நறுக்கிய பனைவெல்லம் மூன்று மேசைக்கரண்டி, ஃபிஷ் சாஸ் இரண்டு மேசைக்கரண்டி, தண்ணீர் மூன்று மேசைக்கரண்டி. வெல்லத்தை முதலில் சின்னப் பாத்திரத்தில் உருக்குங்கள். ஓரம் லேசாகக் கருகி மணம் வரும்போது மற்ற மூன்றையும் ஊற்றிக் கரையவிட்டு இறக்குங்கள். நாக்கில் தொட்டால் 'ஐயோ, எல்லாமே தூக்கல்' என்று தோன்ற வேண்டும். நூடுல்ஸில் உப்பே இல்லை, அது குடித்த பிறகு சரியாகிவிடும். ஃபிஷ் சாஸ் இருக்கும்போது தனியாக உப்புப் போட வேண்டாம்.

புளி பற்றி ஒரு வார்த்தை. பாட்டிலில் வரும் கறுப்பான அடர்ப்புளி வேண்டாம், கடுமையான புளிப்பு, சுவை வெளுத்துப் போகும். கட்டிப் புளியை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துப் பிசைந்து சதையோடு வடிகட்டுங்கள். கரண்டியின் முதுகில் பூசிக்கொள்ளும் பதம் வேண்டும். ரசத்துக்குக் கரைக்கிற மாதிரி நீர்க்கக் கரைத்தால் அந்தத் தண்ணீரும் வாணலிக்குத்தான் போகும். பழம்புளி என்றால் புளிப்பு கூடுதல், மூன்று கரண்டியில் ஆரம்பியுங்கள்.

ஃபிஷ் சாஸை முகர்ந்து பார்த்துவிட்டுப் பாட்டிலை மூடி வைத்தவர்களை எனக்குத் தெரியும். நெத்திலி மாதிரிச் சின்ன மீனையும் உப்பையும் ஒரு வருடம், அதற்கு மேலும் ஊறவிட்டு வடிப்பது, வாடை இருக்கத்தான் செய்யும். சூட்டில் அந்த வாடை போய்விடும். தங்கிப் போவது கருவாட்டை வறுத்தால் வருமே, அந்த ருசி மட்டும்தான்.

பனைவெல்லத்துக்காகத் தாய்லாந்தில் பெட்சபுரிக்குப் பெரிய பெயர். நம் பனை மரமேதான். சாலையோரம் வயல் நடுவே வரிசையாக நிற்கும். அங்கே காய்ச்சும் வெல்லம் இளம்பழுப்பாக, மென்மையாக இருக்கும். கருப்பட்டி போட்டால் புகை மணமும் கறுப்பும் ஏறிவிடும், அதனால் பாதி கருப்பட்டி, பாதி நாட்டுச்சர்க்கரை போடலாம்.

---

சுவையரசி
திங்கள், மதியம் 2.05

மிக்க நன்றி! கெட்சப் இல்லாமல் அந்த ஆரஞ்சு நிறம் எப்படி வருகிறது? படங்களில் எல்லாம் பார்க்கிறேனே.

---

கடலோரம்
திங்கள், மாலை 4.40

இறால் தலையிலிருந்து! தலையை உரித்துக் குப்பையில் போடாதீர்கள். அதற்குள் மஞ்சளும் ஆரஞ்சுமாக ஒரு கொழகொழப்பு இருக்கும், கொழுப்பு மாதிரி. தாய்லாந்து மொழியில் அதை மன் குங் என்பார்கள். தலைகளை நான்கு கரண்டி எண்ணெயில் மிதமான தீயில் போட்டு, கரண்டியால் நசுக்கி நசுக்கி, எண்ணெய் சிவக்கும் வரை வதக்கி வடித்துவிடுங்கள். அந்த எண்ணெயில்தான் பட் தாய் செய்ய வேண்டும். பாங்காக் மகா சாய் சாலையில் திப் சமாய் என்று 1966 முதல் நடக்கும் கடை இருக்கிறது. இறால் எண்ணெயில் நூடுல்ஸைப் பிரட்டி, மெல்லிய முட்டை ஏட்டுக்குள் பொட்டலமாக மடித்துத் தருவார்கள். வாசலில் வரிசை நிற்கும். கரி அடுப்பின் அனல் முகத்தில் அடிக்கும்.

---

பழங்கதை
திங்கள், இரவு 8.15

சமையல் எனக்கு அவ்வளவாக வராது, வரலாறு கொஞ்சம் தெரியும். இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

'பட்' என்றால் வதக்கல். நூடுல்ஸுக்குத் தாய்லாந்து மொழியில் குவய்தியவ் என்று பெயர், சீனக் குடியேறிகளோடு வந்த சொல். சட்டியில் பிரட்டி வதக்குவதும் அவர்கள் கொண்டுவந்த முறைதான். சீன முறையில் செய்த ஒரு பண்டத்துக்கு 'தாய் வதக்கல்' என்று ஏன் பெயர்? அங்கேதான் பிபுன்சோங்கிராம் வருகிறார். 1938 முதல் 1944 வரையும், மறுபடி 1948 முதல் 1957 வரையும் பிரதமர். 1939-இல் சயாம் என்ற பெயரைத் தாய்லாந்து என்று மாற்றியவர் அவர்தான். உடை, மொழி, பழக்கம் எல்லாவற்றிலும் தேசிய அடையாளம் வேண்டும் என்று ஆணைகள் போட்டார். போர்க்காலத்தில் மக்களை நூடுல்ஸ் சாப்பிடச் சொல்லி அரசே ஊக்குவித்தது. புளியும் பனைவெல்லமும் ஃபிஷ் சாஸும் சேர்ந்த இந்த வடிவம் தேசிய உணவாக ஊன்றியதில் அந்தக் காலத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

நூடுல்ஸ் வாங்கும்போது 'சென் சன்' என்று கேளுங்கள். கிழக்கே இருக்கும் சந்தபுரியின் பெயரால் வந்தது. பட் தாய்க்கென்றே உள்ள, இழுத்தால் அறாத வகை.

---

மாலைப்பசி
புதன், இரவு 9.30

எல்லாருக்கும் நன்றி. இன்று செய்தேன். காலையில் ஊறவைத்த நூடுல்ஸ், துணியில் ஒற்றிய இறால், புளியங்கொம்பு சொன்ன சாஸ். இறால் பிரமாதம்! ஓரம் லேசாகச் சிவந்து, கடித்தால் அதே சத்தம். சுவையும் கிட்டத்தட்ட வந்துவிட்டது.

ஆனால் நூடுல்ஸ் மறுபடியும் பாதி ஒட்டிக்கொண்டது. முதலில் வேகவே இல்லை, பிறகு திடீரென்று குழைந்தது. நான்கு பேருக்கு, 250 கிராம் நூடுல்ஸ் போட்டேன். எங்கே தவறு?

---

இரும்புச்சட்டி
புதன், இரவு 9.50

அக்கா, நான்கு பேருக்கு ஒரே தடவையில் போட்டதுதான் தவறு. வீட்டு அடுப்பின் தீ கடை அடுப்புத் தீயில் சின்னப் பங்குதான். 250 கிராம் நூடுல்ஸ் ஊறினால் அரைக்கிலோவை நெருங்கும். அவ்வளவு குளிர்ந்த பொருள் விழுந்ததும் சட்டியின் சூடு இறங்கிவிடும், சாஸ் கொதிப்பதற்குப் பதிலாகத் தேங்கி நிற்கும். மேலே இருப்பது காயும், கீழே இருப்பது குழையும்.

இரண்டு பேருக்கு மேல் ஒரு தடவையில் வேண்டாம். நான்கு பேர் என்றால் இரண்டு தடவை. இரண்டாவதுக்கு நான்கு நிமிடம்தான் ஆகும், யாரும் பசியோடு காத்திருக்கப் போவதில்லை.

நூடுல்ஸும் சாஸும் சேர்ந்த பிறகு கரண்டியால் குத்திக் கிளறாதீர்கள். இடுக்கியால் தூக்கித் தூக்கிப் போடுங்கள். சாஸ் முழுவதும் வற்றி, சட்டியின் அடி தெரியும்போது ஓர் இழையைக் கடித்துப் பாருங்கள். இன்னும் கடினமாக இருந்தால் ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளியுங்கள், மறுபடி வற்றவிடுங்கள். தண்ணீரைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம், போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. பட் தாய் பற்றி என்னிடம் ஒரே ஒரு விஷயம் கேட்டால் இதைத்தான் சொல்வேன். நூடுல்ஸின் ஈரம், இறாலின் ஈரம், புளியின் ஈரம், எல்லாமே ஒரே கணக்குதான்.

---

கறிவேப்பிலை
புதன், இரவு 10.10

நான்ஸ்டிக் சட்டியிலும் செய்யலாம். அகலமானதாக இருந்தால் போதும். அரிசி நூடுல்ஸ் ஒட்டுகிற தொல்லை இல்லை. ஆனால் வெறும் சட்டியைப் புகை வரும் வரை சூடாக்கக் கூடாது, பூச்சு கெட்டுவிடும்.

நூடுல்ஸே எனக்கு வசப்படவில்லை என்கிறவர்களுக்கு இன்னொரு வழி, வுன் சென். பச்சைப்பயறு மாவில் செய்த கண்ணாடி நூடுல்ஸ். பத்து நிமிடம் ஊறினால் போதும், கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் குழையாது. இறால், முட்டை, வெங்காயத்தாள் போட்டு ஃபிஷ் சாஸும் சோயாவும் ஊற்றிப் பிரட்டினால் பட் வுன் சென். அவசரத்துக்கு இதைவிட நம்பகமானது எனக்குத் தெரியாது.

---

அமைதியானவன்
வியாழன், காலை 7.20

வீட்டில் ஒருவருக்கு வேர்க்கடலை ஒவ்வாமை. விட்டுவிட்டால் சுவை போய்விடுமா?

---

புளியங்கொம்பு
வியாழன், காலை 8.00

போகாது. கடலை கடைசியில் தூவுவதுதானே. வறுத்த பூசணி விதையைக் கொரகொரப்பாகப் பொடித்துத் தூவுங்கள், அவருக்கு விதைகள் ஒத்துக்கொள்ளும் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும். வதக்கக் கடலை எண்ணெய் எடுத்துவிடாதீர்கள், அதை மறந்துவிடுகிறோம். சாஸ் பாட்டில்களின் பின்பக்கத்தையும் ஒரு முறை படித்துவிடுங்கள்.

---

மாலைப்பசி
சனி, இரவு 8.55

வந்துவிட்டது!! இன்று சரியாக வந்துவிட்டது. செய்த வரிசையை அப்படியே எழுதுகிறேன், என்னைப் போல் தேடி வருகிற யாருக்காவது உதவும்.

நூடுல்ஸ் காலையிலேயே ஊறி ஃபிரிட்ஜில். சாஸ் நேற்றே காய்ச்சிப் பாட்டிலில். வந்ததும் இறாலை உரித்து, சோடா உப்புப் போட்டுப் பிசறி வைத்தேன். அது ஊறும் நேரத்தில் தலைகளை எண்ணெயில் நசுக்கி வதக்கினேன். கடலோரம் அண்ணா, அந்த எண்ணெய் சிவந்துவந்த அழகை எழுத்தில் சொல்ல முடியாது. வீடு முழுக்க மணம். டோஃபுவைச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, இரண்டு சின்ன வெங்காயம், இரண்டு பல் பூண்டு, கொஞ்சம் உப்பிலிட்ட முள்ளங்கி, ஒரு கரண்டி காய்ந்த இறால் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்தேன். முளைப்பயறும் வெங்காயத்தாளும் இன்னொரு தட்டில். அடுப்பைப் பற்றவைத்த பிறகு நறுக்க நேரமே இல்லை, இது இன்றுதான் புரிந்தது.

இறாலை ஒற்றி, வதக்கி எடுத்தேன். அதே சட்டியில் சிவந்த எண்ணெய், முதல் தட்டு, ஒரு நிமிடம். நூடுல்ஸ், சாஸ், முழுத்தீ. இடுக்கியால் தூக்கிப் போட்டுக்கொண்டே இருந்தேன். மூன்றாவது நிமிடம் வெள்ளை போய்ப் பளபளவென்று ஆனது. இரண்டு தடவை மட்டும் தண்ணீர் தெளித்தேன். நூடுல்ஸை ஓரமாகத் தள்ளிவிட்டு ஒரு முட்டை உடைத்து ஊற்றி, பாதி இறுகியதும் நூடுல்ஸை அதன்மேல் புரட்டினேன். இறால், ஒரு கைப்பிடி முளைப்பயறு, தாள், பொடித்த கடலை. நான்கு பிரட்டு, இறக்கிவிட்டேன். மீதி முளைப்பயறு பச்சையாகத் தட்டின் ஓரத்தில், ஒரு துண்டு எலுமிச்சை. அதே மாதிரி இரண்டாவது ஈடு. உடுப்பு மாற்றியது உட்பட நாற்பது நிமிடம்.

மேசையில் சர்க்கரை, ஃபிஷ் சாஸ், மிளகாய்ப்பொடி, மிளகாய் போட்ட வினிகர் நான்கையும் சின்னக் கிண்ணங்களில் வைத்தேன், அங்கே கடைகளில் வைத்திருப்பார்களே அந்த மாதிரி. வீட்டுக்காரர் வினிகரை மட்டும் மூன்று தடவை ஊற்றிக்கொண்டார்.

ஒரு சந்தேகம். இறால் எண்ணெய் அரைக் கிண்ணம் மிச்சம் இருக்கிறது. எத்தனை நாள் தாங்கும்?

---

கடலோரம்
சனி, இரவு 9.15

மெல்லிய துணியில் இன்னொரு முறை வடிகட்டி, துளி ஈரமும் தூளும் இல்லாமல் ஃபிரிட்ஜில் வையுங்கள் தங்கச்சி. மூன்று நாலு நாளில் தீர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஐஸ் அச்சில் ஊற்றி உறையவைத்துவிடுங்கள். நாளைக்குப் பழைய சாதம் இருந்தால் அந்த எண்ணெயில் முட்டை ஊற்றிப் பிரட்டிப் பாருங்கள்.